அம்மா நடக்கிறார்

“உங்கப்பனை யாரு கூட்டிக்கிட்டுப் போறது? வண்டி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிங்க.”

அத்தை இதைச் சொன்னபோது மகள் அம்மாவின் தலையை இரண்டாம் முறையாகச் சீவிக்கொண்டிருந்தாள். முதல் முறை எடுத்த வகிடு கோணலாக விழுந்திருந்தது. அம்மா அதைப் பொறுத்துக்கொண்டிருக்கமாட்டாள். முன்னறையில் சாப்பாட்டு மேசையை அகற்றிவிட்டுப் போட்ட கட்டிலில், கழுத்துவரை வெள்ளைப் போர்வை போர்த்தி, யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவள்போல அம்மா படுத்திருந்தாள். முந்தின நாள் மாலை தேநீர் கேட்டிருக்கிறாள்; தேநீர் வருவதற்குள் போய்விட்டாள்.

“அம்மா இன்னும் வீட்டிலதான் இருக்காங்க, அத்தை. கொஞ்சம் பொறுங்க.”

“அவ இருக்கும்போதே பேசிடுங்க. அவ போனப்புறம் நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்க. அடக்கறதுக்கு ஆள் இருக்காது.”

அத்தை அப்பாவின் மூத்த சகோதரி. வாசலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வருபவர்களை உள்ளே அனுப்பும் பொறுப்பையும் உட்கார்ந்துவிட்டவர்களைக் கிளப்பும் பொறுப்பையும் காலையிலிருந்து அவரே மேற்கொண்டிருந்தார். வந்தவர்கள் அனைவரும் முதலில் அம்மாவின் வயதைக் கேட்டார்கள். விடை கிடைத்ததும், விலை நியாயந்தான் என்பதுபோலத் தலையசைத்தார்கள். துக்கம் கேட்க வந்தவர் கணக்குக் கேட்டுவிட்டுப் போவது எந்த முறையில் சேர்த்தி என்று மகளுக்குச் சினம் மூண்டது. ஆனால், சினத்தை முகத்துக்கு வரவிடாமல் தடுப்பது அவளுடைய தொழிலின் முதற்பாடம்.

தம்பி, அம்மாவின் காலருகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுடைய சட்டைப்பையிலிருந்த கைப்பேசி இருமுறை கூவியது. எடுத்துப் பார்த்தவன், சுவரோடு சறுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா?”

கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான். திரையில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே இரண்டு சொற்கள்:

அம்மா நடக்கிறார்.

இருவரும் சேர்ந்தாற்போல் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நடக்கவில்லை.

“சென்சார் கெட்டுப்போச்சா?” என்றாள் மகள், உதட்டளவில்.

“நான் பண்ணின சென்சார் கெடாது.” அச்சத்திலும் அவனுக்குத் தொழிற்கர்வம் குறையவில்லை. “யாரோ நடக்கறாங்க. செருப்பு எங்க?”

“எந்தச் செருப்பு?”

“அம்மாவோட வீட்டுச் செருப்பு, அக்கா. நீல செருப்பு.”

கட்டிலடியில் செருப்பு இல்லை.

தம்பி உணரிப் பொறியாளன். அழுத்தம், வெப்பம், அதிர்வு ஆகியவற்றை மின்குறிகளாக மாற்றித் தரும் சிறு பொருள்களை வடிவமைப்பது அவன் தொழில். நிறுவனத்தில் வேலை பார்க்கப் பட்டம் போதுமானதாக இருந்தது. வரைபடத்தின் கீழே தன் பெயரெழுதிப் பொறுப்பேற்கவோ உரிமம் வேண்டியிருந்தது. அந்த உரிமத்துக்குப் பழுத்த பொறியாளர்கள் மூவர் முன்னிலையில் சொந்த வடிவமைப்பு ஒன்றைக் காட்டி, அவர்கள் கேட்கும் குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் நின்று விடை சொல்லவேண்டும். அவன் காட்டியது அம்மாவின் செருப்பை. தடித்த அடிப்பகுதிக்குள் உணரிகளைப் பதித்த மென்மையான நீலச் செருப்பு. முதியவர் எப்படி நடக்கிறார், எந்த இடத்தில் நிற்கிறார், தடுமாறுகிறாரா, இன்று நடந்தாரா இல்லையா என்பதை எங்கோ இருக்கும் பிள்ளைக்கு அது சொல்லிவிடும். அம்மா அதை அணிந்துகொண்டு சமையலறையிலிருந்து பின்வாசல்வரை நீளும் நடைவழியில் நாள்தோறும் பிற்பகலில் நடந்தாள். அந்த நடையின் பலனாகத் தம்பிக்கு உரிமம் கிடைத்து ஓராண்டுகூட நிறையவில்லை.

மகளின் தொழில் சமூகப்பணி. முதுகலைப் பட்டம், மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, அதன்பின் பதிவுச்சான்று. அப்பதிவையும் அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளவேண்டும். அழுகிறவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கும் தகுதி தனக்கு இன்னும் இருக்கிறது என்று மனிதர் மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கவேண்டுமாம். அதற்குக் குறைந்த தகுதியுடையவர்களெல்லாம் அவளுக்கு மேலதிகாரிகளாக இருந்தார்கள் என்பது வேறு செய்தி.

படிக்கிற காலத்தில் அவளுக்கு வாய்த்த முதல் பயிற்சி ஆள் அம்மாதான். தொலைபேசி இணைப்பகத்தில் குரலையே முதலாக வைத்துப் பிழைத்தவள் அம்மா. பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு தொலைபேசியில் அழைப்பாள். ஒருநாள் வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணாக, மறுநாள் அவளைத் தேடும் மாமியாராக, இன்னொரு நாள் இரண்டு பேரையும் திட்டும் குடிகாரனாகப் பேசுவாள். மகள் அடுக்கிவைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஒருமுறை ஓடிவந்த பெண்ணின் கதையைக் கேட்டு மகளே தேம்பிவிட்டாள். கரண்டியும் கையுமாக வெளியே வந்த அம்மா, “நீ அழுதா மார்க் போயிடும்டி. திரும்ப ஆரம்பி. நான் அடுப்பை அணைச்சிட்டு வந்து ஓடிப்போறேன்,” என்றாள்.

இப்போது அக்காளும் தம்பியும் சமையலறையைக் கடந்தார்கள். எதிர்வீட்டுத் தையற்காரர் அங்கே வந்தவர்களுக்காகத் தேநீர் வடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் நடைவழியை நோக்கிப் போவதைக் கண்டதும், “அங்க யாரும் இல்லைம்மா,” என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு அவ்வளவு விரைவாக விடை சொல்பவரை மகளுடைய தொழிலில் நம்பமாட்டார்கள்.

நடைவழியில் அப்பா நடந்துகொண்டிருந்தார்.

கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். தலை குனிந்திருந்தது. கால்களில் அம்மாவின் நீலச் செருப்பு. குதிகால்கள் பாதிக்குமேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நழுவிவிடாமலிருக்கக் கணுக்காலைச் சுற்றி ஒரு கறுப்பு எலாஸ்டிக் பட்டி. பேருந்து நடத்துநராக ஆயுளைக் கழித்தவர் அவர். தரை ஆடாத இடத்திலும் கால்களை அகட்டிவைத்து, இரு பக்கமும் சற்றே சாய்ந்து சாய்ந்து நடப்பார். பின்வாசல்வரை போய்த் திரும்பினார். படுக்கையறை வாசலுக்கு வந்ததும் நின்றார். உள்ளே பார்த்தார். உள்ளே வெறும் படுக்கை. பிறகு நிமிர்ந்தார், பிள்ளைகளைக் கண்டார்.

தம்பியின் கையில் கைப்பேசி இன்னும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“அட, அடிச்சிடுச்சா?” என்றார் அப்பா. “பழக்க தோசம்ப்பா. மணி ஆச்சேன்னு மாட்டிக்கிட்டேன். உன் போன் அடிக்கும்னு நினைப்பே இல்லை.”

“எப்பலேருந்து?” என்றான் தம்பி.

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். தையற்காரர் வடிகட்டியை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“அப்பா, எப்பலேருந்து?”

“உன் பரீட்சைக்கு முன்னாடிலேருந்து.”

சத்தம் கேட்டு அத்தை வாசற்பொறுப்பைத் துறந்து உள்ளே வந்தார். அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்வை காலிலேயே நின்றது.

“டேய், இது என்னடா கோலம்?”

“செருப்பு, அக்கா.”

“அது தெரியுது. அவ செருப்புல உனக்கென்ன வேலை? வாசல்ல ஊரே உக்காந்திருக்கு, நீ இங்க பேஷன் ஷோ நடத்தறே.”

சமையலறை மேசையைச் சுற்றி ஐவரும் உட்கார்ந்தார்கள். அப்பா சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: சென்ற ஆண்டே அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது. மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நடந்தாலும் நடக்காவிட்டாலும் கிடைக்கும் நாள் அவ்வளவுதான். நடக்காமல் சாய்ந்து படுத்திருந்தால் மூச்சுத்திணறல் குறையும். அம்மா படுத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தாள். ஆனால் மகனுக்கு உரிமத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கவேண்டிய வேளை.

“செருப்பு ஒரு நாள் நடக்கலைன்னா நீ போன் பண்ணுவே. ரெண்டு நாள் நடக்கலைன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வருவே. அப்புறம் பரீட்சையை யாரு எழுதறது? உங்கம்மாதான் சொன்னா, ‘நீங்க கொஞ்சம் நடந்துடுங்களேன்’னு. ‘கடைக்குப் போயிட்டு வாங்க’ன்னு சொல்ற மாதிரி. சரின்னு மாட்டிக்கிட்டேன். நழுவுச்சு. இவர்தான் பட்டி வச்சுக் குடுத்தார்.”

“பட்டிதான் வச்சேன்,” என்றார் தையற்காரர். “எதுக்குன்னு நான் கேட்கலை.”

“கேட்டீங்க.”

“சரி, கேட்டேன்.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனத்துக்குள் ஏதோ வரைபடம் விரிந்துகொண்டிருந்தது என்பதை மகள் உணர்ந்தாள்.

“எடை ஏறிச்சு,” என்றான் கடைசியில்.

“யாருக்கு?”

“செருப்புக்கு. திடீர்னு ஒரு நாள், அழுத்தம் எல்லாம் மூணுல ஒரு பங்கு ஏறிப்போச்சு. பக்கவாட்டுல ஆட்டம். குதிகால்ல சுமையே இல்லை.” அவன் அப்பாவின் காலைப் பார்த்தான். “சென்சார் நாளாக ஆக அளவு பிசகும், அக்கா. எல்லாச் சென்சாரும் பிசகும். அம்மா ஒரே நாள்ல அவ்வளவு வெயிட் போட முடியாது. அதனால சென்சார் பிசகிடுச்சுன்னு முடிவு பண்ணேன். அந்தப் பிசகைக் கழிக்கறதுக்கு ஒரு கணக்குப் போட்டேன். கழிச்சா, அப்படியே அம்மா நடை. பரீட்சையில அந்தக் கணக்கைத்தான் பாராட்டினாங்க. மூணு பேரும். ஒருத்தர் எழுந்து கை குடுத்தார்.”

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் அப்பா, உள்ளபடியே.

“அப்பா, அது பிசகு இல்லை. அது நீங்க. நான் உங்களைக் கழிச்சிட்டு லைசென்ஸ் வாங்கியிருக்கேன்.”

“கழிச்சா என்னடா, பாஸ் பண்ணிட்டியே.”

முதலில் சிரித்தவர் அத்தை. சாவு வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார், பயனில்லை. தோள்கள் குலுங்கின. முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்த யாரோ ஒருவர், அத்தை தாங்கமாட்டாமல் அழுகிறார் என்று கருதி, மரியாதையாகப் பின்வாங்கினார். அதைக் கண்டு தையற்காரரும் சிரித்தார். தம்பியின் முகம் இரண்டுங்கெட்டானாகி, பிறகு அதுவும் உடைந்தது.

மகள் சிரிக்கவில்லை. அவள் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் பேசிய பேச்சுகளைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தொலைவில் வாழும் முதியவரிடம் என்னென்ன கேட்கவேண்டுமோ அத்தனையும் பேச்சுவாக்கில் கேட்பாள். தூக்கம், பசி, வலி, மனநிலை. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆற அமர விடை சொல்வாள். ‘நடைதான் எனக்கு மருந்துடி. இன்னிக்குக்கூட மூச்சு வாங்க நடந்தேன்.’ மூச்சு வாங்கியது உண்மை. இத்தனை வீடுகளில் இத்தனை குரல்களின் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு, அந்தத் திறமையைப் பழக்கிவிட்டவளின் குரலில் எதுவுமே கேட்கவில்லை.

“சிரிப்பு இருக்கட்டும்,” என்றாள் மகள். “அப்பா, என் ஆபீஸுக்கு இப்படி ஒரு கேஸ் வந்தா நான் என்ன எழுதுவேன் தெரியுமா?”

அத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

“உடம்பு முடியாததைக்கூட எழுதலாம். மறதியை எழுதலாம். எல்லாத்துக்கும் வழி இருக்கு. ஆனா, பார்த்துக்கிறவங்க கிட்டேயே மறைக்கிற ஆளைத் தனியா விடவே கூடாது. எங்களுக்கு அதுதான் முதல் விதி. நீங்க ஒரு வருஷமா ரெண்டு பேரை ஏமாத்தியிருக்கீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா எப்படி நம்பறது? இவர் உங்க செருப்பை மாட்டிக்கிட்டு நடப்பார்.”

“எனக்கு அளவு பெரிசும்மா,” என்றார் தையற்காரர் ஈனக்குரலில்.

“நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்,” என்றார் அத்தை. “கூட்டிக்கிட்டுப் போயிடு. ரெண்டு பேர்ல ஒருத்தர்.”

“என் வீட்டுக்கே வரட்டும்.”

“வேண்டாம்க்கா,” என்றான் தம்பி. “இங்கேயே இருக்கட்டும். கட்டில்ல ஒண்ணு, அடுப்புல ஒண்ணு, கதவுல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு வச்சிடறேன்.”

“ஒரு செருப்பையே உன்னால புரிஞ்சுக்க முடியலை.”

“உன்னால ஒரு போனைப் புரிஞ்சுக்க முடிஞ்சுதா?”

அத்தை சொன்னது அதற்குள் பலித்துவிட்டது. அடக்குவதற்கிருந்த ஒரே ஆள் முன்னறையில் கண்மூடிப் படுத்திருந்தாள்.

அப்பா குனிந்து, பட்டிகளைத் தளர்த்தி, செருப்புகளைக் கழற்றினார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உன் வீட்டுக்கு வந்தா நான் எங்க நடக்கறது, கண்ணு? மூணாவது மாடி. கட்டிலைச் சுத்தினா கிறுகிறுப்புதான் வரும்.” மடியிலிருந்த செருப்பைத் தடவினார். “எனக்கு இந்த வீட்டைத் தவிர வேற எதுவும் கேட்கத் தெரியலை. கேஸ்னு வச்சுக்கிட்டா நீ எழுதறதை எழுது. அப்பான்னா, கேட்டுட்டு எழுது.”

மகள் அவரை நேராகப் பார்த்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முழங்காலோடு முழங்கால் படாத தொலைவு. எழுத்துத் தேர்வில்கூட வரும் தொலைவு. மற்ற மூவரையும் நோக்கி, “யாரும் எடுத்துக் குடுக்கக்கூடாது,” என்றாள்.

“சமைக்கத் தெரியுமா?”

“சோறு வடிப்பேன். மத்ததெல்லாம் வாயில வைக்க முடியாது. ஆனா ஒரு வருஷமா உங்கம்மா அதைத்தான் தின்னா.”

“மருந்து?”

“மறப்பேன். அவ சத்தம் போடுவா. இனிமே மறந்தா மறந்ததுதான்.”

“ராத்திரி எழுந்திருக்கும்போது தடுமாறுதா?”

“எப்பவாவது.”

அந்த ‘எப்பவாவது’ என்பதற்கு முன் இருந்த தயக்கத்தை அவள் கவனித்தாள். பொய் சொல்பவர்கள் அந்த இடத்தில் தயங்குவதில்லை.

“தனிமையா இருக்கா?”

“நேத்து சாயங்காலத்திலேருந்து.”

தையற்காரர் எழுந்து, ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை அணைத்தார்.

கடைசிக் கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. எல்லா முதியவர்களிடமும் அவள் கேட்கும் கேள்வி அது. ஏறத்தாழ எல்லாரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். பிள்ளையின் மனம் குளிரவேண்டும் என்பதற்காகச் சொல்லும் அந்த விடையை அவள் தொழிலில் தவறென்றே குறித்துக்கொள்வார்கள்.

“விழுந்துட்டீங்க. எழுந்திருக்க முடியலை. யாரைக் கூப்பிடுவீங்க?”

“உன்னைக் கூப்பிடமாட்டேன்,” என்றார் அப்பா உடனே. “நீ பஸ் புடிச்சு வர்றதுக்கு அரை நாள் ஆகும், அதுவரைக்கும் தரையில கிடந்து உனக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கணும். அவனைக் கூப்பிட்டா, பிசகுன்னு கழிச்சிடுவான். இவரைக் கூப்பிடுவேன்.” தையற்காரரைக் காட்டினார். “சத்தம் போட்டாப் போதும். மிஷினை நிறுத்திட்டு வந்துடுவார். உனக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.”

“அப்புறம் சொல்லுவீங்களா?”

அப்பா செருப்பின் பட்டியை விரலால் இழுத்து விட்டார். அது சுருங்கிக்கொண்டது.

“சொல்றேன். அம்மா விஷயத்தையும் சொல்லலாம்னுதான் இருந்தோம். உன் பதிவு முடியட்டும், அவன் பரீட்சை முடியட்டும்னு பார்த்தோம். முடிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்களா, அதுல சொல்றதுக்கு ஒரு நாள் அமையவே இல்லை.”

மகள் எழுந்து சன்னலருகே போய் நின்றாள். எதிரே தையற்கடையில் பாதி தைத்த சட்டையொன்று இயந்திரத்தின்மேல் கை தொங்கக் கிடந்தது. வீதி அகலமில்லை. ஒருவர் இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். அதை அவள் எத்தனையோ வீடுகளில் நின்று கணித்திருக்கிறாள். தன் வீட்டுச் சன்னலிலிருந்து இதுவரை கணித்ததில்லை.

“இங்கேயே இருங்க,” என்றாள்.

“என்னடி சொல்றே?” என்றார் அத்தை. “மறைக்கிற ஆளுன்னு இப்பத்தானே சொன்னே?”

“கடைசிக் கேள்விக்கு என்னைச் சொல்லியிருந்தா கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன், அத்தை.”

அத்தைக்கு அது விளங்கவில்லை. விளங்காததைப் பற்றி மேற்கொண்டு கேட்பது அவருக்கு வழக்கமில்லையாதலால், “எப்படியோ, வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வந்து சமைச்சு வைக்கிறேன், இவன் வடிக்கிற சோத்தைத் தின்னா மறுபடியும் நாம எல்லாரும் கூடவேண்டியிருக்கும்,” என்று தீர்ப்பு வழங்கினார்.

தம்பி கைப்பேசியில் ஏதோ செய்துகொண்டிருந்தான். “அப்பா, உங்க எடை என்ன?”

“எதுக்குடா?”

“கழிச்சதைத் திரும்பச் சேர்க்கிறேன்.”

சொன்னார். அவன் எழுதிக்கொண்டான். அதற்குக் கீழே ‘பெயர்’ என்றொரு கட்டம் இருந்தது. அவன் கட்டைவிரல் அக்கட்டத்தின்மேல் சிறிது நேரம் நின்றது. அக்காள் பார்ப்பதை உணர்ந்து, அதைத் தொடாமலேயே திரையை அணைத்தான்.

“ஒண்ணு மட்டும் புரியலைப்பா,” என்றான். “ஒவ்வொரு சுற்றிலயும் படுக்கையறை வாசல்ல நடை நின்னுடும். ஒரு நாள் கொஞ்சம், ஒரு நாள் ரொம்ப நேரம். களைப்புன்னு எழுதி வச்சேன். பரீட்சையில கேட்டாங்க, அதுக்கும் களைப்புன்னுதான் சொன்னேன். உங்களுக்குக் கால் வலிச்சுதா?”

“கால் எங்க வலிச்சுது? நான் பஸ்ஸிலேயே நாள் பூரா நின்னவன்.” அப்பாவின் முகத்தில், காலையிலிருந்து யாரும் காணாத ஒரு களை வந்தது. “உங்கம்மா படுத்துக்கிட்டே பார்ப்பா. வாசலுக்கு வந்ததும் நிறுத்துவா. ‘அது நான் நடக்கிற நடையா? டிக்கெட் கிழிக்கிற நடை. இடுப்பை ஆட்டாதீங்க. நான் என்னிக்கு அப்படி ஆட்டினேன்? பையன் மானம் போயிடும்’னு திட்டுவா. நான் அவளை மாதிரி நடந்து காட்டணும். அவ சிரிச்சுட்டா அந்தச் சுற்று பாஸ். சிரிக்கிற வரைக்கும் நிக்க வேண்டியதுதான். சில நாள் லேசுல சிரிக்கமாட்டா.”

வாசலில் வண்டி வந்து நிற்கும் ஓசை கேட்டது.

அப்பா செருப்புகளை மேசையடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு எழுந்தார். முன்னறைக்குப் போகும் வழியில் அத்தை அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். மகள் கடைசியாக ஒருமுறை அம்மாவின் வகிட்டைப் பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. தம்பி தலைப்பக்கமும் தையற்காரர் கால்பக்கமும் பிடிக்க, அப்பா நடுவில் கையை வைத்துக்கொள்ள, அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். கதவு மூடியதும் அப்பா பழக்கத்தில் “ரைட்” என்றார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டிக்காரர் மட்டும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மகள் ஊருக்குத் திரும்பினாள். சன்னலோர இருக்கை. பேருந்து நிலையத்தைவிட்டு வெளியேறி, திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. முன்பக்கத்திலிருந்து நடத்துநர், கால்களை அகட்டிவைத்து, எதையும் பிடிக்காமல், ஒவ்வோர் இருக்கையாக வந்துகொண்டிருந்தார். அவருடைய நடையையே பார்த்துக்கொண்டிருந்தவளின் கைப்பைக்குள் கைப்பேசி இருமுறை கூவியது. தம்பி முந்தின நாள்தான் அந்தச் செருப்புச் செயலியை அவளுடைய கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்திருந்தான்.

அம்மா நடக்கிறார்.

பச்சைக் கோடு கனமாக, பக்கவாட்டில் ஆடிக்கொண்டு போயிற்று. கழித்தது எதுவும் இல்லை. பின்வாசல்வரை போனது; திரும்பியது; படுக்கையறை வாசலுக்கு வந்தது. நின்றது.

“எங்கம்மா போகணும்?” நடத்துநர் பக்கத்தில் வந்துவிட்டார்.

“ஒரு நிமிஷங்க,” என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

நடத்துநர் ஒரு கையால் இருக்கையின் முதுகைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார். பேருந்து ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. கோடு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

பிறகு அது புறப்பட்டது. அவள் ஊர்ப்பெயரைச் சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.